மூன்று டின் கவரிங்

மிளகாய் அரைக்கச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாராவது வந்து, "லட்சுமியக்கா, நீங்கதானே கெளப்பிவுட்டீங்க" என்று கேட்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அதற்கு முன்னால் நானே ஒத்துக்கொள்வது மரியாதை.

கிணத்துக்கடவில் பொள்ளாச்சி ரோட்டை ஒட்டி ஒரு மாடிக் கட்டடம். கீழே என் தையல் கடை, மேலே மதிவதனியின் மணப்பெண் அலங்காரக் கடை. பதினெட்டு வருடமாக ஒரே படிக்கட்டு. எனக்கு அறுபத்திரண்டு வயது, அவளுக்கு நாற்பத்தொன்பது. நான் ஜாக்கெட் தைத்துக் கொடுத்த பெண்களுக்கு அவள் கொண்டை போட்டுவிடுவாள், முகத்துக்கு மேக்கப் போடுவாள், நகை செட்டும் வாடகைக்குக் கொடுப்பாள். எனக்கு வாய் நீளம். அவளுக்கு வாயே கிடையாது. அதனால்தான் இத்தனை வருடம் சண்டை வராமல் ஓடியிருக்கிறது.

வாடகைக்கு விடுகிற நகை கண்ணாடி அலமாரியில் பளபளவென்று தொங்கும். அது தொழில். அவள் உயிரை வைத்திருந்தது வீட்டில் இருந்த மூன்று பிஸ்கட் டின்னில். அதில் இருந்ததெல்லாம் பழைய கவரிங். முலாம் போன அட்டிகை, கல் விழுந்த தோடு, ஒற்றை ஜிமிக்கி, நெளிந்த வங்கி. முதல் நகை ஒரு கல்யாண வீட்டில் கிடைத்தது. புது செட் வந்ததும் பெண்ணின் அம்மா தன் பழைய கவரிங் நெக்லஸைக் குப்பைக்கூடையில் போட, இவள் அதை எடுத்துத் துடைத்து, "நான் வெச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். அதற்குப் பிறகு பல்லடம், ஆனைமலை, உக்கடத்துப் பழைய சாமான் கடைகள் என்று எங்கே போனாலும் ஏதாவது ஒரு பித்தளைத் துண்டோடுதான் திரும்பி வருவாள்.

"ஏன்டி, பவுனச் சேத்தினாலும் ஒரு அர்த்தம் இருக்குது. பல்லிளிச்ச பித்தளையச் சேத்தி என்ன பண்ணப்போற?" என்று நான் கேட்காத நாள் கிடையாது.

ஒரு நாள்தான் பதில் சொன்னாள். "பவுன உருக்கிருவாங்கக்கா. மக கல்யாணத்துக்கு அம்மாவோட நகைய உருக்கிப் புது டிசைன் பண்ணுவாங்க, பேத்திக்கு அதையும் உருக்குவாங்க. பழைய டிசைன் பவுனுல நிக்கவே நிக்காதுங்கக்கா. கவரிங்க யாரும் உருக்க மாட்டாங்க. டப்பாவுல மறந்துபோயிருவாங்க. அதனால அதுலதான் நிக்கும்."

 பெரிய மனுஷி மாதிரிப் பேசுகிறாளே என்று சிரித்து வைத்தேன்.

எந்த நகையைக் கொடுத்தாலும் முதலில் திருப்பித்தான் பார்ப்பாள். மற்றவர்கள் கல்லைப் பார்ப்பார்கள், இவள் முதுகைப் பார்ப்பாள். "முன்பக்கம் நமக்குக் காட்டறதுக்குன்னே செஞ்சதுங்கக்கா. பின்னாடி பாத்தாத்தான் வயசு தெரியும்" என்பாள். கண்ணாடிக் கல்லுக்கு அடியில் வெள்ளித்தாள் வைத்து முதுகை மூடியிருந்தால் அது ஒரு காலம். கல்லைப் பசையால் ஒட்டியிருந்தால் அதற்கு அடுத்த காலம். கையால் வளைத்த கொக்கி, அப்புறம் நூல் கயிறு, இப்போது மெஷினில் வார்த்த பின்செயின். தோட்டுக்குத் திருகாணி போய் ரப்பர் அடைப்பான் வந்த கதையை அவளிடம் கேட்டால் ஒரு ஜாக்கெட் தைத்து முடிக்கிற வரைக்கும் சொல்லுவாள். இன்றைக்கு மணப்பெண்கள் கேட்கிற ஆண்டிக் செட்டைப் பார்த்தால் மட்டும் அவளுக்குச் சிரிப்பு வரும். புதுசைச் செய்து, அதற்குக் கறுப்பு பூசி, பழசு என்று விற்கிறார்கள். நிஜமான பழசை எவரும் சீந்துவதில்லை.

நானும் கேலி செய்துகொண்டே உதவி செய்தேன். ஜாக்கெட் வெட்டிய மிச்சத் துணியில் ஒவ்வொரு நகைக்கும் ஒரு சின்னப் பை தைத்துக் கொடுத்தேன். இருநூறுக்கு மேல் தைத்திருப்பேன். போன வருடம் கோயமுத்தூரில் நகை வடிவமைப்பு சொல்லித்தருகிற ஒரு கல்லூரியிலிருந்து சைத்ரா என்ற டீச்சர் வந்து மூன்று டின்னையும் பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "பொங்கல் லீவு முடிஞ்சதும் கண்ணாடிப் பெட்டியில வெச்சு ஒரு மாசம் காட்டலாங்க. நாப்பது அம்பது வருஷ டிசைன் வரிசையா இருக்குது. உங்க பேரைப் போட்டே வைக்கறோம்" என்றார். மதிவதனி அன்றைக்கு எனக்கு டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்தாள். அவள் பேரை இதுவரை யாரும் எங்கேயும் எழுதி வைத்தது கிடையாது.

அதே வருடம்தான் மகள் எழிலுக்கு வரன் அமைந்தது. ஒரே மகள். கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை. மதிவதனியின் வீட்டுக்காரர் அன்புமணி லேத் பட்டறையில் வேலை செய்பவர். இருவரும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி மகளுக்குப் பவுன் சேர்த்திருந்தார்கள். மாப்பிள்ளை வீடு பல்லடம் பக்கம், தறி ஓட்டுகிற குடும்பம்.

ஆவணியில் நிச்சயம். பெண்ணை நகை போட்டு உட்கார வைத்திருந்தோம். மாப்பிள்ளையின் அத்தை வந்து எழிலின் ஆரத்தைத் தூக்கிப் பார்த்தாள். அந்தம்மாளுக்கு என்னைவிட வாய் நீளம், டின் கதையும் அவள் காதுக்கு எட்டியிருந்தது. "ஏனுங் அம்மணி, இதெல்லாம் பவுனுங்களா? இல்ல உங்கம்மா டப்பாவுல இருந்து எடுத்துப் போட்டதுங்களா?" என்று கேட்டாள்.

கூடம் முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளை சிரித்தான். நானும் சிரித்தேன். கேலிதானே, கல்யாண வீட்டில் இல்லாத கேலியா? எழில் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். எனக்கு வயதுதான் ஆகியிருக்கிறது.

கார்த்திகையில் ஒரு முகூர்த்த நாள். மதிவதனி விடியற்காலையிலேயே பொள்ளாச்சிக்கு மேக்கப் போடப் போய்விட்டாள். அன்புமணி பட்டறைக்குப் போய்விட்டார். கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். பெயிண்டர் சுப்பையன் ஏணி மேல் இருந்தான். எழில் அன்றைக்கு ஆபீசுக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். மத்தியானம் மதிவதனி திரும்பி வந்து பார்த்தால் பீரோ மேலே மூன்று டின்னும் இல்லை. பவுன் இருந்த பீரோ பூட்டினது பூட்டினபடி இருந்தது.

"எழிலு, டின்னு எங்க சாமி?"

"தெரியலைங்ம்மா. நான் ரூமுக்குள்ள போன்ல ஆபீஸ் வேலை பாத்துட்டிருந்தனே."

அவ்வளவுதான். நான் ஓடிப்போனபோது மதிவதனி பீரோவுக்குக் கீழே படுத்துத் தேடிக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய டின் பீரோவுக்குக் கீழே போகாது என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் கையை விட்டுத் துழாவினாள். அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை நேரே கொண்டுபோய்ச் சுப்பையன்மேல் கொட்டினேன்.

"ஏய்யா சுப்பையா, உன்னத் தவுர ஊட்டுக்குள்ள யாரு வந்தா? எடுத்திருந்தா இப்பவே குடுத்துப்போடு."

அந்த மனுஷன் ஏணியிலிருந்து இறங்கினான். ஒரு நிமிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அப்புறம் எழிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நான் தொட்டிருந்தா மாசாணியம்மா என்னக் கேக்கட்டுமுங்க" என்றான். பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு, பாதிச் சுவரை அப்படியே விட்டுப் போய்விட்டான்.

"போலீசுல போயி என்னன்னு எழுதிக் குடுக்கறது? மூணு டின்னு பித்தளைன்னா?" என்று அன்புமணி கேட்டார். அவர் சொன்னது நியாயம்தான். அப்போதுதான் நான் வாயை விட்டேன்.

"போலீசு கேக்காட்டி என்ன? மாசாணி கேப்பா. அவனே சொல்லிட்டுப் போறானல்ல, போயி மொளகா அரைச்சுப்போட்டு வரலாம்."

வெளியூர்க்காரர்களுக்கு இது தெரிந்திருக்காது. ஆனைமலையில் மாசாணியம்மன் கோயிலில் ஒரு நீதிக்கல் உண்டு. பொருள் திருட்டுப் போனவர்கள், ஏமாந்தவர்கள், கேட்க நாதியில்லாதவர்கள் அங்கே போய் வரமிளகாயை அம்மியில் அரைத்து அந்த நீதிக்கல்மேல் பூசிவிட்டு வருவார்கள். செய்தவனை அந்த எரிச்சல் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. நியாயம் கிடைத்ததும் திரும்பப் போய் எண்ணெய் ஊற்றித் தாயைக் குளிர வைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை நானும் மதிவதனியும் எழிலுமாகப் பஸ் ஏறினோம். எழில் தானாகவே நானும் வருகிறேன் என்றாள். பொள்ளாச்சி தாண்டியதும், "பெரியம்மா, தெரியாமப் பண்ணியிருந்தாலும் அம்மன் தண்டிக்குங்களா?" என்று என்னைக் கேட்டாள். "பித்தளைன்னு தெரிஞ்சே எடுத்துட்டுப் போயிருக்கறான், அதென்ன தெரியாமப் பண்றது?" என்று நான் அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

மதிவதனி மிளகாயை அரைத்தாள். எழில்தான் சொம்பிலிருந்து தண்ணீர் தெளித்தாள். பதினெட்டு வருடத்தில் மதிவதனி ஒருத்தரைச் சபித்து நான் கேட்டதில்லை. அன்றைக்கு நெடியில் கண்ணீர் வடிய, வழித்து எடுத்த விழுதைக் கல்லில் அப்பி, வாய்விட்டுச் சொன்னாள்.

"எடுத்த கை வெளங்காமப் போகணும் தாயே."

எழில் கையிலிருந்த சொம்பு நழுவி விழுந்தது. மிளகாய் நெடி என்றேன் நான். கர்ச்சீப்பைக்கூட எடுத்துக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்துச் சுப்பையன் என் கடைக்கு வந்தான். வாசலிலேயே நின்றான். "ஏனுங்கம்மா, நெசமாவே அரைச்சுப்போட்டீங்களா?" என்று கேட்டான். முகம் வெளுத்திருந்தது.

"ஏன், பயமா இருக்குதா?" என்றேன்.

"எனக்கு இல்லீங்க. அந்தப் புள்ளைக்குங்க." துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான். "அன்னைக்கு பழைய இரும்பு, பித்தளைன்னு மைக்குல சொல்லிட்டு ஆட்டோ வந்துச்சுங்க. எழிலுப் புள்ளதான் மூணு டின்னையும் தூக்கிட்டுப் போயிக் குடுத்துச்சு. காசு வேண்டாங்கண்ணா, சீக்கிரம் எடுத்துட்டுப் போயிருங்கன்னு சொல்லுச்சுங்க. ஆட்டோ போனதுக்கப்புறம் கேட் பக்கத்துல நின்னுட்டு அழுதுச்சு. அந்த டப்பா இருந்தா எம் பவுனையும் கவரிங்குன்னுதான் சொல்லுவாங்கண்ணா, அம்மாகிட்டச் சொல்லீராதீங்கன்னு கையெடுத்துக் கும்புட்டுச்சுங்க."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"கல்யாணம் நிச்சயமான புள்ளைங்க. என் வாயால எப்படிங்க சொல்றது? எம் பேரு கெட்டா நாலு நாளுல சரியாப் போயிரும்னு உட்டுட்டனுங்க. மொளகா அரைச்சீங்கன்னு கேட்டதுலருந்து சோறு எறங்கலீங்க."

பாவி, நான் அந்த மனுஷனை என்னவெல்லாம் சொன்னேன்! "உள்ள வந்து உக்காருங்க" என்றேன். இத்தனை வருடத்தில் அவருக்கு நான் 'ங்க' போட்டது அதுதான் முதல் தடவை. அவர் உட்காரவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

படியேறிப் போய்ச் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருக்க முடியும்? மதிவதனி, மணப்பெண்களை உட்கார வைக்கிற நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். எதிரே கண்ணாடி. மேஜைமேல் கிடந்த கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டாள். பிறகு, "அழுதாளாமாக்கா?" என்று கேட்டாள்.

"அழுதாளாம்."

"அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்கல்ல. நீங்களும் சிரிச்சீங்க."

குத்திக்காட்டவில்லை. ஞாபகப்படுத்திக்கொள்கிற மாதிரிதான் சொன்னாள். 

இரண்டு பேரும் விசாரித்துக்கொண்டு அந்த ஆட்டோக்காரரின் காயலாங்கடைக்குப் போனோம். "அந்த லோடு அப்பவே போயிருச்சுங்களே. இந்நேரம் உருக்கியிருப்பாங்க" என்றார். பாவம், நல்ல மனுஷன். துணிப் பைகளைக் கிழித்துத்தான் பித்தளையை எடுத்ததாகச் சொன்னார். மேஜைமேல் ஒரு டின் இருந்தது. அதில் போல்ட்டும் நட்டும் போட்டு வைத்திருந்தார். வேண்டுமானால் கொட்டிவிட்டுத் தருகிறேன் என்றார். மதிவதனி வேண்டாமென்று தலையாட்டினாள். கவரிங்கை யாரும் உருக்க மாட்டார்கள் என்று எனக்குச் சொன்னவள் அவள்.  அவளுக்கும் அதுதான் மனதில் ஓடியிருக்கும்.

"கூப்புட்டு நாலு அறை உடு. கேளு. உன் புள்ளதானே" என்றேன் பஸ் ஸ்டாப்பில்.

"கேக்க முடியாதுங்கக்கா. இப்ப அவ நெனப்புல, அம்மா எவனோ ஒரு திருடனத்தான் சபிச்சா. எனக்குத் தெரிஞ்சுருச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சா, அம்மா என்னைத்தான் சபிச்சான்னு ஆயிரும். அந்த நெனப்போட எப்படிக்கா மணையில உக்காருவா?"

"அப்ப டின்னு போனது போனதுதானா?"

"டின்னு போகட்டுங்கக்கா. கை வெளங்காமப் போகணும்னு சொல்லிப்போட்டனே. அதைய எப்படித் திரும்ப வாங்கறது?"

 அறுபத்திரண்டு வயதுக்கு ஒரு யோசனைகூட வரவில்லை. அரைக்கச் சொல்லத் தெரிந்த எனக்கு, அரைத்ததை எடுக்கத் தெரியவில்லை.

சைத்ரா டீச்சர் போன் செய்தபோது மதிவதனி, "குடுக்க மனசு வரலீங்க மேடம்" என்று சொல்லிவிட்டாள். அவருக்குக் கோபம். "ஒத்துக்கிட்டுக் கடைசி நேரத்துல இப்படிப் பண்றீங்களே" என்று கத்தினது எனக்கே கேட்டது. மகளைத் திருடி என்று சொல்ல முடியாமல் தானே கஞ்சப் பேரை வாங்கிக்கொண்டாள்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழில் கோயமுத்தூருக்குப் போய்விட்டு ஒரு வெல்வெட் பெட்டியோடு வந்தாள். உள்ளே ஆண்டிக் பாலிஷ் போட்ட கவரிங் செட். அட்டிகை, ஜிமிக்கி, மாட்டல் எல்லாம் இருந்தது. "அம்மா, பாருங்க, பழசு மாதிரியே இருக்குது. இதுலருந்து மறுபடியும் சேத்தலாங்ம்மா. மாசாமாசம் நான் ஒண்ணு வாங்கித் தாரேன்" என்றாள்.  நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

மதிவதனி பழக்கத்தில் அட்டிகையைத் திருப்பினாள். முதுகு பளிச்சென்று இருந்தது. மெஷினில் வார்த்தது, கறுப்பு முன்பக்கம் மட்டும் பூசியிருந்தது, பின்செயினில் கடை ஒட்டின சின்ன ஸ்டிக்கர். மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. உடனே மறுபடியும் திருப்பிக்கொண்டாள்.

"நல்லாருக்குது கண்ணு. ரொம்பப் பழைய டிசைனு" என்றாள்.

தை பிறந்து கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தபோது எழிலுக்கு மருதாணி வைத்தார்கள். வேறு ஆளை விடாமல் மதிவதனியே வைத்தாள். இடது கை சீக்கிரம் முடிந்தது. வலது கைக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டிப் பார்த்தாள். "வலிக்குதா சாமி? மரத்துப்போகுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளையின் அத்தை பார்த்துவிட்டு, "மக கைய உட மனசில்ல பாருங்க அம்மாளுக்கு" என்று சிரித்தாள். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. அந்தம்மாளை நான் முறைத்த முறைப்பில் அவள் காபி குடிக்க எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மதிவதனி என் கடைக்கு வந்தாள். "அக்கா, ஆனைமலைக்குப் போலாம் வாங்க" என்றாள். கையில் ஒரு பை.

கோயில் வாசலில் எண்ணெய் விற்கிற அம்மாள், "பொருளு கெடைச்சுருச்சுங்களா அம்மணி? கெடைச்சவங்கதான் எண்ணெய் ஊத்திக் குளுத்தோணும்" என்றாள்.

"கெடைச்சுருச்சுங்க" என்றாள் மதிவதனி. எண்ணெயை வாங்கிக்கொண்டாள்.

மாசாணியம்மன் படுத்த கோலத்தில் இருப்பவள். கூட்டம் தள்ளிக்கொண்டிருந்தது. மதிவதனி தாய்க்கு முன்னால் நின்று பையைத் திறந்தாள். அந்த வெல்வெட் பெட்டி. அட்டிகையை எடுத்து உள்ளங்கையில் வைத்து உயர்த்திக் காட்டினாள்.

"என் பொருளு கெடைச்சுருச்சு தாயே. எல்லாம் கெடைச்சுருச்சு. யாரும் எடுக்கல. நான்தான் எங்கயோ வெச்சுட்டு மறந்துட்டேன். அந்தக் கைய உட்ரு தாயே."

இத்தனை வருடமாக ஒரு பொய்யான பழசை ஒரு பார்வையில் பிடித்தவள், போன மாதம் வாங்கின நகையைக் கொண்டுபோய் இது பழசு, என்னுடையது என்று சாமிக்குக் காட்டிக்கொண்டு நின்றாள்.  நகையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அதன் பின்பக்கம் அவள் உள்ளங்கையோடு ஒட்டி இருந்தது.

என்னால் முடிந்தது ஒன்றே ஒன்றுதான். நானும் கைகூப்பி, திருப்பிக் காட்டச் சொல்லாதே தாயே என்று வேண்டிக்கொண்டேன்.